முகமூடிக்குப் பின்னால் ஓர் ஊர்

வானொலியில் வார இறுதி நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் நேயர்கள் அதிகம் கேட்பது எதை என்று நினைக்கிறீர்கள்? பாட்டை இல்லை. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேம்மா போகலாம்? பேரங்காடி வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்" என்பதைத்தான். இளம் தம்பதிகள் கேட்கிறார்கள், முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள் கேட்கிறார்கள், பேரப் பிள்ளைகளோடு வீட்டில் மாட்டிக்கொண்ட தாத்தாக்களும் கேட்கிறார்கள்.

கொஞ்ச நாளாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஆற்றோடு போங்கள். கிள்ளான் ஆற்றின் நீளம் சுமார் 120 கிலோமீட்டர். கோலாலம்பூரின் நடுவே நுழைந்து, பிரிக்பீல்ட்ஸை உரசி, ஷா ஆலம் தாண்டி, கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது. அது கலக்கும் இடத்துக்குத் தெற்கே, லங்காட் ஆறு கரையிலிருந்து பிரித்து வைத்திருக்கும் ஒரு நிலம்தான் கேரி தீவு. மலை முதல் கடல் வரை இந்த ஆற்றை ஒட்டிச் சுவர் ஓவியம் இருக்கிறது, தெருப் பாட்டு இருக்கிறது, உறுமி இருக்கிறது, கடைசியில் மரத்தில் செதுக்கிய முகமூடிகளும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுச் சீட்டே கிடையாது.

ஆனால் ஒரு வேண்டுகோள். கைப்பேசியை எடுத்து நாலு படம் பிடித்துவிட்டுத் திரும்புவது ஒரு வகை ரசனை. நான் ஒலியை நம்பிப் பிழைப்பவள். அதனால் இன்னொரு வகையைச் சொல்கிறேன்: முதலில் காது கொடுங்கள். இது யாருடைய கைவேலை, யாருடைய ஊர் என்று கேளுங்கள். பார்க்கும் விதமே மாறிவிடும்.

சுவரும் பேசும்

பசார் செனி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஆற்றின் இரு பக்கத்துக் கற்காரைச் சுவர்களில் தெளிப்பு மை ஓவியங்கள் இருக்கும். எழுத்துகளை வீங்க வைத்து, வளைத்து, ஒன்றோடொன்று பின்னி வரைந்தவை. பலருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியாது. பெரும்பாலும் அது வரைந்தவரின் புனைபெயர்தான். ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் வரைவார், மழையும் வெயிலும் பாதியை அழிக்கும். நிலைக்காது என்று தெரிந்தே வரைகிறார்கள். காலையில் போட்டு மாலையில் மிதிபடும் கோலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மனசு புரியாமல் போகாது.

மலேசியாவில் சுவர் ஓவியம் குடும்பச் சுற்றுலாவாக மாறியது பினாங்கிலிருந்துதான். 2012-இல் லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்ற ஓவியர் ஜார்ஜ்டவுன் சுவர்களில் வரைந்த படங்களின் முன்னால் மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதில் இரண்டு பிள்ளைகள் போவதுபோல வரைந்த படம் உங்கள் குடும்ப ஆல்பத்திலும் இருக்கலாம். அதன் பிறகு சுவர் ஓவியம் இல்லாத நகரம் இல்லை என்ற நிலை வந்தது.

கோலாலம்பூரில் எனக்குப் பிடித்த இடம், பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் லோரோங் பங்கோங்கில் உள்ள குவாய் சாய் ஹோங். கேட்பாரற்றுக் கிடந்த பின்சந்து. பழைய கடைவீடுகளைச் சீரமைத்து 2019-இல் திறந்தார்கள். 1960-களின் சீனர் வாழ்க்கை அங்கே சுவர்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஓவியத்தின் பக்கத்திலும் ஒரு க்யூஆர் குறியீடு. கைப்பேசியை அதில் காட்டினால் ஓவியத்துக்கு உரிய ஒலி கேட்கும். படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. பிள்ளைகளோடு போனால், முதலில் ஒலியைக் கேட்க வையுங்கள், பிறகு படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓவியத்தில் இருப்பவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்று அவர்களே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: தெருவே மேடை

அங்கிருந்து எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. ஜாலான் துன் சம்பந்தன் 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாக அலங்காரம் பூண்டது. திறப்பு விழாவுக்கு அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தார். வளைவுகள், வண்ணங்கள், யானைச் சிலைகளோடு கூடிய நீரூற்று எல்லாம் அப்போது வந்தவை.

இவையெல்லாம் கண்ணுக்கு. காதுக்கு உரியவர்கள் வேறு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அதனால்தான் இந்த வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் வெள்ளைக் கம்போடு நடமாடுவதை நாம் இயல்பாகக் காண்கிறோம். அவர்களில் சிலர் ஒலிபெருக்கியும் கீபோர்டும் வைத்துக்கொண்டு அஞ்சடியில் உட்கார்ந்து பாடுகிறார்கள். மலாய்ப் பாட்டு, பழைய தமிழ்ப் பாட்டு, நடுவில் ஒரு இந்திப் பாட்டு. கடந்து போகிறவர்களின் காலடியை வைத்தே கூட்டத்தின் அளவைக் கணிக்கிறார்கள். அறிவிப்பாளருக்கும் நேயர் முகம் தெரியாது. ஆனால் அவர்களுடைய கணிப்பு என்னுடையதைவிடத் துல்லியமானது.

பிள்ளைகள் கையில் இரண்டு ரிங்கிட் கொடுத்துப் போடச் சொல்வது நல்ல பழக்கம். அதைவிட நல்லது, ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போடச் சொல்வது. முதலாவது தர்மம், இரண்டாவது கலைஞனுக்குத் தரும் மரியாதை. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும்.

கொஞ்சம் தள்ளி ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் ஊக்கத்தில் உருவானது. பரதம், ஒடிசி, கர்நாடக இசை என்று பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே கற்றிருக்கிறார்கள். மாலை நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தால் தட்டுக்கழி சத்தமும் 'தா தெய் தெய் தா'வும் சாலை வரை வரும். அதைக் கேட்கக் கட்டணம் இல்லை.

கிள்ளானில் உறுமி

கேஎல் சென்ட்ரலில் இருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். நிலையத்தைச் சுற்றிப் பழைய கடைவரிசைகள், அவற்றுக்கு இடையே சில சுவர் ஓவியங்கள். ஆற்றின் மேல் கோத்தா பாலம். 1961-இல் திறக்கப்பட்ட இந்த இரட்டை அடுக்குப் பாலத்தில் மேலே வண்டிகள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போக வழி இருந்தது. கீழ் அடுக்கில் நடக்கும்போது ஆறு எவ்வளவு அகலமாகிவிட்டது என்பது தெரியும். கோலாலம்பூரில் சுவருக்குள் அடைபட்டிருந்த அதே ஆறுதான்.

ஜாலான் தெங்கு கிளானாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூக்கடை, துணிக்கடை, மசாலைக் கடை, தீபாவளிக் கூட்டம். பக்கத்தில் 1892-இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயில். ஆனால் கிள்ளானின் தெருக்கலை என்றால் என் காதில் முதலில் விழுவது உறுமிதான். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது ஒரு முனகல் வருமே, அதை ஒலிவாங்கியில் சரியாகப் பிடிப்பது எங்கள் பொறியாளர்களுக்கு எப்போதும் சவால். அடி வயிற்றில் கேட்கும் சத்தம் அது.

இந்த உறுமி மேளக் குழுக்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் தோட்டத்திலிருந்து. மாரியம்மன் திருவிழாவுக்கு அடித்துப் பழகிய கைகள், தோட்டம் போன பிறகு தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குழு சேர்த்துக்கொண்டன. இப்போது திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கூப்பிடுகிறோம். கலை தப்பித்தது. ஆனால் அதோடு இருந்த மற்றவை, அதாவது திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம், பால்மரக் காட்டில் பெண்கள் வேலையோடு வேலையாகப் பாடிய பாட்டு, திருவிழாவுக்கு முன் பத்து நாள் ராத்திரி நடக்கும் ஒத்திகை, எல்லாம் தப்பிக்கவில்லை. அந்தப் பாட்டைப் பாட ஆள் இருக்கிறார்கள். பாட இடம் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, வாருங்கள், பாலம் கடப்போம்.

செம்பனைக்கு நடுவே

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்ளிமா காராங் வரும். அங்கிருந்து வலது பக்கம் திரும்பி, லங்காட் ஆற்றின் மேல் உள்ள பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. கிள்ளானிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். பாலம் தாண்டியதும் வானொலி அலைவரிசைகூட அமைதியாகிவிட்டதுபோல இருக்கும். இரு பக்கமும் செம்பனை, அதன் நடுவே நேர்க்கோடாகச் சாலை, எதிரே குலை ஏற்றிய லோரி.

பிரிட்டிஷ் காலத்துத் தோட்டக்காரர் எட்வர்ட் வேலன்டைன் கேரியின் பெயர்தான் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. நாம் நெடுங்காலம் சைம் டார்பி என்று அறிந்த, 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறிய நிறுவனத்தின் தோட்டமே தீவின் பெரும்பகுதி. இந்த மண்ணில் தமிழர்களின் வியர்வை நூறு ஆண்டுக்கு மேலாக விழுந்திருக்கிறது. மரங்களுக்கு இடையே கோயில் கோபுரம் தெரியும், தமிழ்ப்பள்ளிப் பலகை தெரியும். உங்களில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி இங்கே பால் வெட்டியிருப்பார்கள்!

ஆனால் கேரி என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே மக்கள் இருந்தார்கள். அவர்கள் மா மெரி. தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடி இனங்களில் ஒன்று. 'மா' என்றால் மக்கள், 'மெரி' என்றால் காடு. பெயரில் காடு இருந்தாலும் வாழ்க்கை கடற்கரையில்தான், சதுப்பு நிலமும் நண்டும் மீனும் நீப்பா ஓலையும். எண்ணிக்கையில் சில ஆயிரம் பேர் மட்டும். அவர்களுடைய கம்பங்களில் நாம் எளிதாகப் போகக்கூடியது சுங்கை பும்புன்.

கோயில் பக்கத்தில் ஒட்டுக்கடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் வழி கேட்டேன். "எங்கேம்மா, அந்த மரம் செதுக்குறவங்க கம்பத்துக்கா?" என்றார்.

"ஆமாங்க பாட்டி. நீங்க போயிருக்கீங்களா?"

"சின்னப் பிள்ளையில அவங்க நண்டு கொண்டாந்து லயத்துல விப்பாங்க. நம்ம திருவிழாவுக்கு வந்து நிப்பாங்க. நாமதான் அவங்க ஆட்டத்தைப் பாக்கப் போனதில்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் கூட்டிட்டுப் போகல" என்று சேர்த்துக்கொண்டார்.

நூறு ஆண்டு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு சமூகங்களின் கதை அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஒரே மரத்தில் ஒரு சங்கிலி

சுங்கை பும்புனில் 2011-இல் மா மெரி கலாசாரக் கிராமம் திறக்கப்பட்டது. முகமூடிகளும் சிற்பங்களும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மோயாங். மோயாங் என்றால் மூதாதை, மூதாதையின் ஆவி என்றும் சொல்லலாம். புலி மோயாங் உண்டு, மீன் மோயாங் உண்டு, மனித முகத்தில் மூக்கு கோணி, நாக்கு நீட்டிச் சிரிப்பவையும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. நம் ஊர் எல்லையில் முனியாண்டியும் மதுரை வீரனும் நிற்பதற்குப் பின்னால் கதை இருப்பது மாதிரிதான்.

புகழ்பெற்றது சங்கிலிப் புலி. ஒரே மரத்துண்டைக் குடைந்து புலியையும் அதைக் கட்டிய சங்கிலியையும் செதுக்குகிறார்கள். ஒட்டுப் போடுவதில்லை. ஆனால் சங்கிலியின் கண்ணிகள் தனித்தனியாக அசையும். இந்தக் கைவேலைக்கு யுனெஸ்கோவின் கைவினை உயர்தர முத்திரையும் கிடைத்திருக்கிறது.

மரம் முக்கியம். சிற்பத்துக்கு நீரே பத்து. சதுப்புக் காட்டில் வளரும் இந்த மரம் கல்போலக் கடினமானது, செந்நிற வைரம் உடையது. ஆட்டத்துக்கு அணியும் முகமூடிக்குப் பூலாய், கனம் குறைந்தது. முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வேண்டுமே.

நிழலில் உட்கார்ந்து உளி பிடித்திருந்த ஒரு பெரியவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தேன். "பாக்சிக், இதில் எந்த மோயாங் வரும்?"

"முதலில் மரத்தைத் தேடணும்" என்றார். கேள்விக்குப் பதிலாகத் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது. நல்ல நீரே பத்து முன்புபோல் பக்கத்தில் கிடைப்பதில்லை. படகெடுத்துத் தூரம் போக வேண்டும். சேற்றில் இறங்கி, வெட்டி, சுமந்து வர வேண்டும். கடையில் நாம் பார்த்து "விலை கூட" என்று முணுமுணுக்கும் சிற்பத்தின் விலையில் பாதி, உளி படுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

பெண்கள் பக்கம் வேறொரு கலை. நீப்பா ஓலையை மடித்துப் பூவாகவும் பறவையாகவும் மாற்றுகிறார்கள், பாண்டான் ஓலையில் பையும் பாயும் பின்னுகிறார்கள். தொம்போக் தொப்போ என்ற பெயரில் இந்தக் கம்பத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து பின்னல் வேலையை நடத்துகிறார்கள். கெராய் ஓஏ என்ற தன்னார்வலர் கடை, பூர்வகுடிகளின் கைவினைகளை நகரத்துச் சந்தைகளுக்குக் கொண்டுவந்து விற்று, பணத்தைச் செய்தவர்களிடமே சேர்க்கிறது. நம் பாட்டிமார் தென்னை ஓலையில் கிளியும் பாம்பும் செய்து கொடுத்தது நினைவிருக்கிறவர்கள் அந்தப் பெண்களின் விரல்களைப் பார்த்தால் நகர மாட்டார்கள்.

தரையில் விழும் மூங்கில்

இனி ஆட்டம். அதன் பெயர் ஜோ-ஓ. நடுவில் புற்றுபோல ஒரு மேடு. ஓலையால் அலங்கரித்திருப்பார்கள். அதைச் சுற்றி முகமூடி அணிந்த ஆண்களும், ஓலை ஆடையும் தலையில் பின்னல் கிரீடமும் அணிந்த பெண்களும் வட்டமாக ஆடுவார்கள். வேகம் இல்லை, தாண்டிக் குதித்தல் இல்லை. கை மெல்ல அசையும், கால் மெல்ல நகரும். முதல் ஐந்து நிமிடம் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டலாம்.

அப்போது கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். தம்போ என்ற மேளம், ஜூலே என்ற வயலின், ஒரு கோங், இவற்றோடு துந்தோக். இது மூங்கில் குழாய், நீளம் வேறுபட்ட இரண்டு. உட்கார்ந்த பெண்கள் ஆளுக்கொரு ஜோடி பிடித்து, கீழே கிடக்கும் கட்டையில் மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள். நீளமானது ஒரு சுருதி, குட்டையானது ஒரு சுருதி. டொங்... டக்... டொங்... டக். உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடும் தாளம் கேட்டிருக்கிறீர்களா? அதேதான். என் ஒலிப்பதிவுக் கருவியின் முள் ஒரே சீராக ஏறி இறங்கியது. ஸ்டுடியோவில் எந்தக் கணினித் தாளத்திலும் அந்த ஈரமான அதிர்வு இல்லை. அந்தக் குத்து மண்ணைத் தொட்டு வருகிறது.

வருகையாளர்களுக்காக ஆடும் நாள் வேறு, அவர்களுக்காகவே ஆடும் நாள் வேறு. பின்னது ஹரி மோயாங், மூதாதையர் திருநாள். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அன்று மூதாதையருக்குப் படையல் வைத்து, ஆசி பெற்று, குடும்பம் கூடி ஆடுவார்கள். வெளியாரையும் வரவேற்கிறார்கள். ஆனால் அன்று நாம் பார்வையாளர்கள் அல்ல, விருந்தாளிகள். நம் கோயில் கருவறை முன் ஒருவர் ஒளிபாய்ச்சி நின்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே அளவு ஒதுக்கம் அங்கும் வேண்டும்.

கலைக்கு ஊர் வேண்டும்

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கேரி தீவில் துறைமுகம் வரும் என்ற பேச்சு 2017-இல் பெரிதாக எழுந்தது. பிறகு அடங்கியது, மீண்டும் எழுந்தது. வேலை வாய்ப்பு வரும், நிலத்தின் மதிப்பு உயரும். கிள்ளானில் வீட்டுக்கடன் கட்டும் இளைஞர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணக்கில் ஒரு வரி விடுபட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். சதுப்பு நிலம் போனால் நீரே பத்து போகும். மரம் போனால் மோயாங்குக்கு உடல் இல்லை. கம்பம் நகர்ந்தால், மேட்டைச் சுற்றி ஆடும் ஆட்டத்துக்கு மேடு எங்கே? ஹோட்டல் மண்டபத்தில் அட்டையில் மேடு செய்து ஆடலாம். துந்தோக் குத்தும்போது கம்பளத்தில் சத்தம் எழாது.

நிலம் என்பது பூர்வகுடிகளுக்கு வெறும் மனை இல்லை என்று நம் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. அந்த சாகோங் தாசி வழக்கில், வழிவழியாக வாழ்ந்த நிலத்தின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அதே சிலாங்கூர்தான் இதுவும்.

தமிழர்களாகிய நமக்கு இது யாரோ ஒருவருடைய கதை இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது வீடு மட்டுமா போனது? கோயில் நகர்ந்தது, திடல் போனது, ராத்திரிப் பாட்டு போனது. உறுமி பிழைத்தது நம் அதிர்ஷ்டம். மா மெரி மக்களிடம் இன்னும் இடமும் கலையும் ஒன்றாக இருக்கின்றன. இதை மதிக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

சென்னையில் ஒரு முயற்சியைப் பார்க்கிறேன். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில், 2020 வாக்கில் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. பெயர் சொன்னாலே முகம் சுளித்த இடத்துக்கு ஓவியம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் ஓவியம் வந்தது, ஊரை இழந்த பிறகு. ஊர் இருக்கும்போதே கலையைக் கவனிப்பது அதைவிடச் சுலபம், செலவும் குறைவு.

போகும் முன்

• கேரி தீவுக்குப் பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். கார் அல்லது வேன் ஏற்பாடு செய்யுங்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் செலவு பிரியும்.

• கலாசாரக் கிராமத்துக்கு முன்கூட்டியே அழைத்துப் பேசிவிட்டுப் போங்கள். நடன நிகழ்ச்சி எல்லா நாளும் இருக்காது. குழுவாகப் போனால் ஏற்பாடு செய்ய வாய்ப்பு அதிகம்.

• முகமூடியோ பின்னலோ வாங்குவதானால் செய்தவரிடமே வாங்குங்கள். எந்த மோயாங், என்ன கதை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சிற்பத்தோடு வையுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் வரவேற்பறையில் அது அலங்காரப் பொருளாக மட்டும் இருக்காது.

• படம் எடுக்கும் முன் கேளுங்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் எடுக்கும்போது கட்டாயம்.

• திரும்பும் வழியில் தோட்டத்துக் கோயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கே யாராவது பெரியவர் இருந்தால், அந்தக் காலத்துத் திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் அனுமதியோடு.

கடைசிக் குறிப்பு பெற்றோருக்கு. ஒரே நாளில் பசார் செனி, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், கேரி தீவு எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் சுவர், ஒரு வாரம் தெருப் பாட்டு, ஒரு வாரம் உறுமி, நான்காவது வாரம் துந்தோக். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டியால் டொங், டக் என்று தட்டிக் காட்டினால் அதட்டாதீர்கள். போன காரியம் முடிந்தது என்று அர்த்தம்.